தொண்ணூறு நாள் கணக்கு: சாட்ஸ்வர்த் தொழிலாளர் ஆலோசனை நிலையம் பற்றிய மதிப்புரை

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில், ஒரு சமூகக் கூடத்தின் பின்பக்க அறையில், புதன்கிழமை மாலையும் சனிக்கிழமை காலையும் மட்டும் திறந்திருக்கும் ஒரு தொழிலாளர் ஆலோசனை நிலையத்தைப் பற்றி இதை எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தொண்டர் ஒருவரும் அவருக்குத் துணையாக இரண்டு பெண்களும் அதை நடத்துகிறார்கள். பெயர் வெளியே பரவினால் தங்களால் சமாளிக்க முடியாத அளவுக்குக் கூட்டம் வந்துவிடும் என்று அவர்கள் அஞ்சுவதால் பெயரை எழுதவில்லை. சாட்ஸ்வர்த்தில் கோயில் வட்டாரத்தில் யாரிடம் விசாரித்தாலும் வழி சொல்லிவிடுவார்கள். அரசு மருத்துவமனை ஒன்றில் எனக்கு வந்திருக்க வேண்டிய பதவி உயர்வு முறையற்ற தேர்வினால் கைநழுவிப் போனபோது, 2023 செப்டம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை இந்த நிலையத்தின் உதவியோடுதான் வழக்கை நடத்தினேன்.

என் வழக்கு என்னவென்று சொல்லாமல் நிலையத்தின் தரத்தை விளக்க முடியாது. நான் மகப்பேறுப் பிரிவில் பணியாற்றும் சிஸ்டர். 2008ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தேன். மகப்பேறு சிறப்புப் பயிற்சியை 2014ஆம் ஆண்டு முடித்தேன். எங்கள் பிரிவின் மேலாளர் ஓய்வுபெற்ற பிறகு பதினான்கு மாதங்கள் பொறுப்பு மேலாளராக இருந்தேன். பின்னர் அந்தப் பதவிக்கு விளம்பரம் வந்தது. 2023 பிப்ரவரி இறுதியில் விண்ணப்பக் காலம் முடிந்தது. சிறப்புப் பிரிவு மேலாளர் பதவிக்கு அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகக் கேட்கப்படும் தகுதிகளே அதிலும் இருந்தன: பதிவுக்குப் பின் குறைந்தது 9 ஆண்டு செவிலியர் அனுபவம், அதில் ஓராண்டுச் சிறப்புப் பயிற்சியை முடித்த பிறகு அதே துறையில் குறைந்தது 5 ஆண்டு. மே மாதம் நேர்முகத் தேர்வு நடந்தது. ஜூலை 3ஆம் தேதி திங்கட்கிழமை, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் வேறொரு சிஸ்டர் நியமிக்கப்பட்டதை அறிந்தேன். அவர் சிறப்புப் பயிற்சியை முடித்தது 2019இன் இறுதியில் என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரியும். அவர் திறமையான செவிலி. பல இரவுகள் என் பக்கத்தில் நின்று கடினமான பிரசவங்களைப் பார்த்தவர். அவர்மீது எனக்கு அன்றும் குறை இல்லை, இன்றும் இல்லை. விளம்பரத்தில் கேட்ட 5 ஆண்டு அவருக்கு இல்லை என்பதும், அதைத் தேர்வுக்குழு கண்டுகொள்ளவில்லை என்பதும்தான் என் குறை.

அடுத்த பத்து வாரங்களில் எனக்குக் கிடைத்த அறிவுரைகள் எல்லாம் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவை. ஆனால் ஒன்றும் உதவவில்லை. வீட்டில் பெரியவர்கள், பொறுத்தார் பூமி ஆள்வார், அடுத்த முறை உனக்குத்தான் என்றார்கள். எங்கள் சங்கத்தின் பிரதிநிதி நேர்முகத் தேர்வில் பார்வையாளராக அமர்ந்திருந்தவர் என்பதால், தான் பார்த்து ஒப்புக்கொண்ட தேர்வையே எதிர்க்கத் தயங்கினார். நகரத்தில் ஒரு வழக்கறிஞர் கோப்பைத் திறப்பதற்கே கேட்ட முன்பணம் என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. மருத்துவமனை நிர்வாகத்திடம் ஜூலையிலேயே குறைதீர் மனு கொடுத்திருந்தேன். அதற்குப் பதில் வரும் என்று காத்திருந்தேன். என் மாமியாரின் தங்கை ஒருவர், கோயில் அன்னதானத்தில் பரிமாறிக்கொண்டிருந்தபோது இந்த நிலையத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால், பதிலுக்குக் காத்திருந்தே வழக்கைத் தொலைத்திருப்பேன்.

செப்டம்பர் 13ஆம் தேதி, புதன்கிழமை, பணி முடிந்து சீருடையோடு போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பது பேர் எனக்கு முன்னால் இருந்தார்கள். என் முறை வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளே எழுபதைக் கடந்த ஐயா ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நான் கொண்டுபோன பதினொரு பக்கக் கடிதத்தைத் தொடாமல், "எந்த நாளில் உங்களுக்குத் தெரிந்தது, அம்மா?" என்று மட்டும் கேட்டார். ஜூலை 3 என்றேன். சுவரில் மாட்டியிருந்த கோயில் நாட்காட்டியை இறக்கி மேசைமேல் வைத்து, ஜூலைக்கு இருபத்தெட்டு, ஆகஸ்டுக்கு முப்பத்தொன்று, செப்டம்பருக்கு முப்பது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கூட்டினார். எண்பத்தொன்பது வந்தது. புகாரைப் பதிவு செய்ய இருந்த தொண்ணூறு நாளில் கடைசி நாளான அக்டோபர் 1ஆம் தேதியைச் சுழித்துவிட்டு, அது ஞாயிறு என்று காட்டினார். கடைசி நாள் ஞாயிறு என்பதால் மறுநாளும் செல்லும் என்று வாதாட வேண்டிய நிலைக்கே வரக்கூடாது என்றார். பாரம்பரிய நாள் அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வந்ததால் செப்டம்பர் 25 திங்களும் விடுமுறை. ஆகவே என் கையில் இருந்தது இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். அந்தப் பென்சில் கணக்கு இல்லாவிட்டால் இன்று எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

தென்னாப்பிரிக்காவில் அரசுப் பணியில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இந்தக் கணக்கு தெரியாது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம், அதன் 186ஆம் பிரிவில், பதவி உயர்வு தொடர்பாக முதலாளி நியாயமற்று நடப்பதை நியாயமற்ற தொழில் நடைமுறை என்று வகுக்கிறது. அரசும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு முதலாளிதான். அதை எதிர்க்கும் புகாரை, செயல் நடந்த நாளிலிருந்தோ அது தெரியவந்த நாளிலிருந்தோ 90 நாட்களுக்குள், அந்தத் துறைக்குரிய பார்கெய்னிங் கவுன்சிலிடம், அதாவது முதலாளியும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமைத்த, தகராறுகளைத் தீர்க்கும் மன்றத்திடம், பதிவு செய்ய வேண்டும். தனிக் கவுன்சில் இல்லாத துறையினர் சிசிஎம்ஏ என்ற பொதுவான தொழில் தகராறு ஆணையத்திடம் போக வேண்டும். சுகாதாரத் துறைக்கும் கல்வித் துறைக்கும் காவல் துறைக்கும் தனித்தனிக் கவுன்சில்கள் உண்டு. அலுவலகத்துக்குள் கொடுத்த குறைதீர் மனு நிலுவையில் இருப்பதால் இந்த 90 நாள் நின்றுவிடாது. நான் எண்ணியது அதற்கு நேர்மாறாக இருந்தது. காலம் கடந்தால் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் தாமதத்தின் அளவு, காரணம், வழக்கின் வலு எல்லாவற்றையும் தனியாக மனுவில் விளக்கி அந்தத் தடையைத் தாண்டிய பிறகே உங்கள் குறையை யாரும் காதுகொடுத்துக் கேட்பார்கள். அரசுப் பணியாளர் குறைதீர் விதிகளின்படி துறைக்கு மனுவைத் தீர்க்க 30 நாள் அவகாசம் உண்டு. எனக்கோ எழுபது நாள் கடந்தும் ஒரு வரிப் பதில்கூட வரவில்லை.

அடுத்து அவர் என் பதினொரு பக்கக் கடிதத்தை எடுத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பத்தியாக அடித்துக்கொண்டே வந்தார். பதினான்கு மாதம் பொறுப்பு மேலாளராக இருந்ததால் பதவி எனக்கே உரியது என்ற பத்தி போயிற்று. பொறுப்பில் இருந்தது அனுபவத்துக்குச் சான்று, உரிமைக்குச் சான்று ஆகாது என்றார். நேர்முகத்தில் ஒரு உறுப்பினர் என்னைப் பார்க்காமலேயே கேள்வி கேட்டார் என்ற பத்தி போயிற்று. நான் அதிகம் படித்தவள், அதிக மூப்புள்ளவள் என்ற பத்தி போயிற்று. பதவி உயர்வு பெறும் உரிமை யாருக்கும் இல்லை, நியாயமாகப் போட்டியிடும் உரிமைதான் இருக்கிறது என்று தொழிலாளர் நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொல்லியிருப்பதை அவர் பொறுமையாக விளக்கினார். கடைசியில் கடிதத்தில் நின்றது ஒன்பது வரி: விளம்பரம் கேட்ட 5 ஆண்டு, நியமிக்கப்பட்டவர் பயிற்சி முடித்த ஆண்டு, இரண்டுக்கும் இடையிலான கணக்கு. அன்று எனக்கு மனம் வலித்தது. என் பல ஆண்டுகளின் உழைப்பை அவர் மதிக்கவில்லையோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஏழு மாதம் கழித்து கவுன்சிலின் நடுவர் எழுதிய தீர்ப்பில் வேலை செய்தது அந்த ஒன்பது வரிதான்.

அந்த மாலையில் இன்னொரு தவறான வழியையும் அவர் அடைத்தார். நான் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா, அரசு எடுத்த முடிவு அல்லவா என்று கேட்டேன். அதற்கு அவர் கசாபா வழக்கைச் சொன்னார். கிரகாம்ஸ்டவுன், இன்றைய மக்காண்டா, காவல் நிலையத் தலைமைப் பதவி தனக்குக் கிடைக்காததை எதிர்த்து ஒரு காவல் அதிகாரி உயர் நீதிமன்றம் போனார். அரசியல் சாசன நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு, இத்தகைய தகராறு தொழிலாளர் சட்டத்தின் வழியே தீர்க்கப்பட வேண்டியது, நிர்வாகச் செயல் என்ற பெயரில் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று முடித்துவிட்டது. அந்த அதிகாரி முதலில் கவுன்சிலுக்குப் போய், பிறகு அதை விட்டுவிட்டு நீதிமன்றம் போனவர் என்பதையும் ஐயா அழுத்திச் சொன்னார். வெளியிலிருந்து விண்ணப்பித்து வேலை கிடைக்காதவர்களுக்கு வழி வேறு. அவர்கள் அந்த அலுவலகத்தின் பணியாளர்கள் அல்லர் என்பதால் பதவி உயர்வுப் புகார் அவர்களுக்கு இல்லை. பாகுபாடு காட்டப்பட்டதாகச் சான்று இருந்தால், விண்ணப்பதாரர்களையும் காக்கும் 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்கீழ் 6 மாதத்துக்குள் புகார் செய்யலாம்.

பாகுபாடு என்ற சொல்லை எழுதிவிட்டதால், நம் மக்கள் நடுவே எப்போதும் அடிபடும் பேச்சையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தியர்களுக்கு இனி அரசு வேலையில் மேலே போக வழியில்லை என்ற பேச்சை நானும் கேட்டு வளர்ந்தவள். என் கடிதத்தின் கடைசி இரண்டு பக்கம் அதைத்தான் சொன்னது. ஐயா அந்த இரண்டு பக்கத்தையும் தனியே எடுத்து வைத்து, "இதற்குக் கையில் தாள் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார். இல்லை. பழைய அநீதிகளைச் சரிசெய்யும் தேவையையும் நியமனத்தில் கருத வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் அரசுப் பணிச் சட்டமே சொல்கிறது. அதற்காகச் சட்டப்படி எடுக்கும் நடவடிக்கை பாகுபாடு ஆகாது. சமத்துவ இலக்கைக் காட்டிப் பதவி உயர்வு மறுக்கப்பட்ட வெள்ளையினப் பெண் அதிகாரி ஒருவர் காவல் துறைக்கு எதிராக நடத்திய பார்னார்ட் வழக்கில், 2014ஆம் ஆண்டு, அரசியல் சாசன நீதிமன்றம் துறையின் பக்கமே நின்றது. அதே நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு சிறைத் துறை வழக்கில், நாடு முழுவதற்குமான மக்கள்தொகை விகிதத்தை மட்டும் பார்த்து மேற்கு கேப் மாகாணத்தின் விகிதத்தைப் பாராமல் விட்டது தவறு என்றும் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் விளக்கிய விதம், பள்ளி ஆசிரியரான என் அப்பா மாலை வகுப்பில் குறளுக்குப் பொருள் சொல்வதை நினைவூட்டியது. தேர்வுக்குழுவின் குறிப்புகள் வரட்டும், அதில் சமத்துவத் திட்டம் பற்றி ஒரு வரி இருந்தால் அப்போது பார்ப்போம் என்று அந்தப் பக்கங்களை உறையில் போட்டு என்னிடமே கொடுத்தார். பிறகு வந்த குறிப்புகளில் அப்படி ஒரு வரியும் இல்லை. நான் அதை எழுதியிருந்தால் என் ஒன்பது வரியை விட்டுவிட்டு எல்லோரும் அதைப் பற்றியே பேசியிருப்பார்கள். என்னுடன் பணிபுரியும் சிஸ்டர்களின் முகத்தை நான் பிறகு பார்த்திருக்கவும் முடியாது.

குறிப்புகளைப் பெற்ற வழிதான் இந்த நிலையத்தின் அறிவைக் காட்டும் இடம். 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் அரசு அலுவலகத்திடம் ஆவணம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் வழக்கு தொடங்கிய பிறகு, அந்த வழக்குக்காகவே, வேறு விதிகளின்படி பெறக்கூடிய ஆவணத்தை இந்தச் சட்டத்தின்கீழ் கேட்க முடியாது என்று அதன் 7ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே ஆவண மனு முதலில், கவுன்சில் புகார் பின்னர் என்று வரிசைப்படுத்தினார்கள். மறுநாளே, 14ஆம் தேதி, மனு மின்னஞ்சலில் போயிற்று. புகார்ப் படிவம் 27ஆம் தேதி, புரட்டாசி விரதத்தின் இரண்டாவது வாரத்தில், பதிவாயிற்று. மனுவில் என்ன கேட்பது என்பதிலும் அவர்கள் கவனமாக இருந்தார்கள். தேர்வு தொடர்பான எல்லா ஆவணங்களும் என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது என்று சொல்லி, ஷார்ட்லிஸ்ட் அட்டவணை, ஒவ்வொரு உறுப்பினரும் கையால் நிரப்பிய மதிப்பெண் தாள், தேர்வுக்குழுவின் கூட்டக்குறிப்பு, நியமனத்துக்கு ஒப்புதல் கேட்டு மேலே அனுப்பிய குறிப்பு என்று நான்கை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மறுப்பார்கள் என்பதை எதிர்பார்த்து, மற்றவர்களின் பெயரையும் அடையாள எண்ணையும் மறைத்துத் தரலாம் என்று மனுவிலேயே எழுதியிருந்தார்கள்.

தாள்கள் முதல் 30 நாளில் வரவில்லை. உள் மேல்முறையீடு ஒன்று போட்ட பிறகு, நவம்பர் இறுதியில் ஒரு பழுப்பு உறை வந்தது. அதைச் சனிக்கிழமை காலை நிலையத்தில் வைத்துத்தான் பிரித்தோம். ஷார்ட்லிஸ்ட் அட்டவணையில் சிறப்புத் துறை அனுபவம் என்ற கட்டத்தில் எனக்கு 8 என்று இருந்தது. நியமிக்கப்பட்டவருக்கு எண்ணே இல்லாமல் ஒரு சரிக்குறி மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் எண், அவர் ஒருவருக்கு மட்டும் சரிக்குறி. நேர்முக மதிப்பெண்ணில் அவர் முதலிடம், நான் மூன்று மதிப்பெண் குறைவாக இரண்டாமிடம். கூட்டக்குறிப்பின் கடைசிப் பக்கத்தில், பரிந்துரைக்கப்பட்டவர் பதவியை ஏற்காவிட்டால் இரண்டாமிடத்தில் உள்ளவரை நியமிக்கலாம் என்ற ஒரு வரி, தட்டச்சில், நான்கு கையெழுத்துக்கு மேலே இருந்தது. ஐயா அந்த வரியின்மேல் விரலை வைத்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். வழக்கு இங்கேதான் இருக்கிறது என்று பிறகு சொன்னார்.

ஏன் என்றால், தேர்வில் குறை இருந்தது என்று காட்டினால் மட்டும் பதவி உயர்வு கிடைத்துவிடாது. அந்தக் குறை இல்லாதிருந்தால் பதவி தனக்கே வந்திருக்கும் என்று புகார் செய்பவர் காட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமையும் அவருடையதே. நம் மாகாணத்தின் குவாடுகுசா நகராட்சி தொடர்பாக 2008ஆம் ஆண்டு தொழிலாளர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தக் காரணத் தொடர்பைத்தான் வலியுறுத்துகிறது. முதலிடத்தில் இருந்தவர் தகுதியற்றவர் என்றால் அடுத்தவர் யார் என்ற கேள்விக்குத் தேர்வுக்குழுவே கையெழுத்திட்டுப் பதில் எழுதி வைத்திருந்தது என் நற்பேறு. நான் மூன்றாமிடத்தில் இருந்திருந்தால், குறை அதே குறையாக இருந்தும், அதிகம் போனால் இழப்பீட்டோடு நின்றிருக்கும். அதற்கும் சட்டம் 12 மாதச் சம்பளத்தை உச்சவரம்பாக வைத்திருக்கிறது.

இதற்கு முன்பே அக்டோபர் 24ஆம் தேதி கவுன்சிலில் சமரசக் கூட்டம் முடிந்திருந்தது. அந்த இடத்தில் நிலையத்தின் எல்லையும் தெரிந்தது. சமரசக் கூட்டத்தில் வழக்கறிஞர்களுக்கே இடமில்லை. பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியோ அதிகாரியோ உடன் வரலாம். ஆலோசனை நிலையத்துக்காரர் வர முடியாது. ஐயா வெளியே தாழ்வாரத்தில் தேநீர்க் குவளையோடு அமர்ந்திருக்க, நான் மட்டும் துறையின் இரண்டு அதிகாரிகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. துறை ஒன்றும் தர ஒப்பாததால் ஒரு மணி நேரத்தில், தகராறு தீரவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். அதிலிருந்து 90 நாளுக்குள் நடுவர் விசாரணை கேட்க வேண்டும் என்பதால், உறை வந்தவுடன் டிசம்பர் முதல் வாரத்தில் கேட்டுவிட்டோம்.

விசாரணைக்கு முன் ஆறு சனிக்கிழமைகள் என்னைத் தயார் செய்தார்கள். துணைக்கு இருந்த இரு பெண்களில் மூத்தவர் துறையின் அதிகாரி போலவும், இளையவர் நடுவர் போலவும் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பார்கள். நான் கோபத்தில் நீட்டிப் பேசத் தொடங்கினால் இளையவர் மேசையைத் தட்டி, "அக்கா, கேட்டதற்கு மட்டும்" என்பார். ஆவணங்களுக்குப் பக்க எண் போட்டு, மூன்று கட்டாகத் துளையிட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். நியமிக்கப்பட்ட சிஸ்டரையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும் என்று சொன்னபோது நான் அழுதுவிட்டேன். ஒருவரின் பதவியைப் பாதிக்கக்கூடிய வழக்கை அவருக்குத் தெரியாமல் நடத்தக் கூடாது, அது அவருக்குச் செய்யும் அநீதி என்று ஐயா சொன்னதும் ஒப்புக்கொண்டேன். அறிவிப்பு அவர் கைக்குப் போவதற்கு முந்தைய நாள், பிரசவ அறைக்கு வெளியே அவரை நிறுத்தி நானே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

விசாரணை 2024 மார்ச் மாதம் இரண்டு நாள் நடந்தது. துறையின் சாட்சியாக வந்த தேர்வுக்குழு உறுப்பினரிடம் நான் கேட்டது நான்கே கேள்வி. விளம்பரத்தில் எத்தனை ஆண்டு கேட்டீர்கள்? இந்தச் சரிக்குறி எத்தனை ஆண்டைக் குறிக்கிறது? பயிற்சிச் சான்றிதழில் உள்ள ஆண்டு என்ன? கடைசிப் பக்கத்து வரியில் உள்ள கையெழுத்து உங்களுடையதா? இரண்டாவது கேள்விக்கு அவர் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, சிறப்புப் பயிற்சிக்கு முந்தைய மகப்பேறு அனுபவத்தையும் சேர்த்தோம் என்றார். நடுவர் விளம்பரத்தை எடுத்து அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார்.

14 நாளுக்குள் தீர்ப்பு வந்தது. நியமிக்கப்பட்டவரை நீக்கவில்லை, எனக்குப் பாதுகாக்கப்பட்ட பதவி உயர்வு அளிக்கப்பட்டது. அதாவது, அந்தப் பதவியில் நியமிக்கப்பட்டிருந்தால் எந்த நாளிலிருந்து எந்தச் சம்பளம் கிடைத்திருக்குமோ, அதே நாளிலிருந்து அதே நிலையும் சம்பளமும் எனக்கு வரும், நாற்காலி அவருடையதாகவே இருக்கும். தொழிலாளர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்க துறைக்கு இருந்த 6 வாரமும் ஒன்றும் நடக்காமல் முடிந்தது. அந்த சிஸ்டரின் பிழைப்பில் கைவைக்காமல் எனக்கு நியாயம் கிடைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்தப் பரிகாரத்தைத்தான் முதன்மையாகக் கேட்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதியதும் ஐயாதான்.

குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். தொலைபேசியை எடுப்பவர்கள் அரிது. குறுஞ்செய்திக்குப் பதில் வர மூன்று நாள்கூட ஆகும். இரண்டு முறை போய்த் திரும்பினேன், கூடத்தில் திருமணம் நடந்ததால் அறை பூட்டியிருந்தது. முன்கூட்டியே ஒரு தாளை வாசலில் ஒட்டியிருந்தால் போதுமானது. அறிவெல்லாம் ஐயா ஒருவர் தலையில் இருக்கிறது. அவர் பிப்ரவரியில் காய்ச்சலில் படுத்தபோது இரண்டு வாரம் எங்கள் கோப்புகள் அசையவில்லை. துணையாக உள்ள இரு பெண்களுக்கும் அவர் இன்னும் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் பேச்சு கண்டிப்பானது. மனம் உடைந்து போகிறவர்கள் முதல் நாள் யாரையாவது உடன் அழைத்துச் செல்வது நல்லது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. நகல் எடுக்கப் பக்கத்துக்கு 2 ராண்டு நம் கையிலிருந்து போகும், மூன்று கட்டு ஆவணத்துக்கு எனக்கு 600 ராண்டுக்கு மேல் ஆயிற்று. உண்டியலில் நான் விரும்பிப் போட்டது தனி.

யாருக்கு இந்த நிலையம் ஏற்றது என்றால், ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்து, பதவி உயர்வுத் தேர்வில் எழுத்தில் காட்டக்கூடிய குறை உள்ளவர்களுக்கு, தாங்களே எழுந்து பேசத் துணிவுள்ளவர்களுக்கு மிகவும் ஏற்றது. தங்களுக்காக ஒருவர் வந்து வாதாட வேண்டும் என்பவர்கள் சங்கத்தையோ வழக்கறிஞரையோதான் நாட வேண்டும். வழக்கே இல்லாதவர்களிடம் வழக்கு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். நான் காத்திருந்த வாரங்களில் குறைந்தது நான்கு பேர் அப்படித் திரும்பியதைப் பார்த்தேன், அவர்களில் ஒருவர்கூட ஏமாற்றப்பட்டதாகச் சொல்லவில்லை.

போகிறவர்கள் விளம்பரத்தின் நகல், நீங்கள் நிரப்பிய இசட்83 என்ற அரசு வேலை விண்ணப்பப் படிவத்தின் நகல், முடிவு தெரிந்த நாளைக் காட்டும் கடிதமோ மின்னஞ்சலோ, இவை மூன்றையும் கொண்டுபோங்கள். அறிவிப்புப் பலகையில் பார்த்தவர்கள் அந்தத் தாளை அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். என் ஜூலை 3ஐத் துறை மறுத்தபோது அந்தப் படம்தான் நின்றது. புதன்கிழமை நான்கரைக்கு முன்னால் போனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். டிசம்பர் நடுவில் அடைத்து ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான் திறப்பார்கள், ஆகவே ஆண்டு முடிவில் கடிதம் பெற்றவர்கள் அடைப்பதற்கு முன்பே ஒருமுறை போய் நாளைக் கணக்கிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.